பாஸ்வேர்டு கேட்காமலே நின்றுபோகும் உபுண்டு: கெர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ் போய்ச் சேராதபோது என்ன செய்வது?

கேள்வி: உபுண்டு 22.04 லேப்டாப். நிறுவும்போதே டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தேன். அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. "கெர்னல் பேனிக்... அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக் (0,0)" என்று காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது. டிஸ்க் போய்விட்டதா? தெரிந்தவர்கள் ஃபார்மேட் செய்யச் சொல்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து ஃபார்மேட் செய்யாதீர்கள். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் அப்படியே பத்திரமாக இருக்கின்றன. இந்த ஒரு வரியைப் பார்த்துப் பயந்து நல்ல டிஸ்க்கை அழித்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அந்த வரியின் கடைசியில் இருக்கும் (0,0)தான் முக்கியமான தடயம். ரூட் (சிஸ்டத்தின் முதன்மைக் கோப்பு அமைப்பு) இருக்கும் டிஸ்க் எது என்றே, சிஸ்டத்தின் மையமான கெர்னலால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அர்த்தம். உங்கள் சிஸ்டத்தில் டிஸ்க்கைத் திறக்கப் பாஸ்வேர்டு கேட்பது கெர்னல் இல்லை, இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (பூட் ஆகும்போது மெமரியில் விரியும் சின்னத் தற்காலிகக் கோப்பு அமைப்பு) இருக்கும் கிரிப்ட்செட்டப் என்ற சின்ன நிரல். தேவையான டிரைவர்களும் இந்த நிரலும் என்கிரிப்ட் ஆன டிஸ்க்கிலேயே இருந்தால், சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். அதனால்தான் இதையெல்லாம் ஒரே கோப்பாக, அதாவது ஒரு சிபிஐஓ காப்பகமாகக் கட்டி, என்கிரிப்ட் செய்யப்படாத பூட் பகிர்வில் வைத்திருக்கிறார்கள். க்ரப் (கெர்னலை ஏற்றித் தொடங்கிவைக்கும் பூட் நிரல்) அதை மெமரியில் ஏற்றி, எந்த முகவரியில் இருக்கிறது, எவ்வளவு நீளம் என்று கெர்னலிடம் சொல்லும், கெர்னல் அதை விரித்து உள்ளே இருக்கும் இனிட் நிரலை ஓட்டும். பாஸ்வேர்டே கேட்கவில்லை என்றால், ஒன்று அந்தக் கோப்பு வந்து சேரவில்லை, அல்லது வந்ததை விரிக்க முடியவில்லை.

ஏன் வரவில்லை? அப்டேட் முடிந்த கையோடு இப்படி ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது பூட் பகிர்வு நிரம்பியதைத்தான். என்கிரிப்ட் செய்து நிறுவினால் உபுண்டு பூட் கோப்புகளுக்குத் தனிப் பகிர்வு போடும், அது சின்னது. பழைய கெர்னல்கள் சேர்ந்துகொண்டே போக, புதிய இனிட்ராம்எஃப்எஸ் எழுதும்போது இடம் பத்தாமல் போகிறது. கெர்னல் கோப்பு வந்துவிடுகிறது, அதற்குத் துணையான இனிட்ஆர்டி கோப்பு (இனிட்ராம்எஃப்எஸ்தான் பூட் பகிர்வில் இந்தப் பெயரில் இருக்கும்) வருவதில்லை. அப்புறம் எப்போதாவது க்ரப் பட்டியல் புதுப்பிக்கப்படும்போது, அந்தக் கெர்னலுக்கு இனிட்ஆர்டி வரியே இல்லாத ஒரு பதிவு உருவாகிவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். லேப்டாப்பை ஆன் செய்ததும் எஸ்கேப்பைத் தட்டுங்கள் (பழைய பயாஸ் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள்), க்ரப் பட்டியல் வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அது பாஸ்வேர்டு கேட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. சந்தேகம் தீர வேண்டுமானால், பழுதான கெர்னலின் மேல் நின்று 'ஈ' விசையை அழுத்திப் பாருங்கள், லினக்ஸ் என்று தொடங்கும் வரிக்குக் கீழே இனிட்ஆர்டி என்று ஒரு வரி இருக்க வேண்டும், உங்களுக்கு அநேகமாக அது இருக்காது.

உள்ளே போனதும் டிஎஃப் கட்டளையில் பூட் பகிர்வு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். நூறு சதவீதத்தைத் தொட்டிருந்தால், தேவையில்லாத பழைய பேக்கேஜ்களை நீக்கும் ஆப்ட் ஆட்டோரிமூவ் கட்டளையை பர்ஜ் ஆப்ஷனோடு கொடுங்கள். பாதியில் நிற்கும் பேக்கேஜ்களால் ஆப்ட் முரண்டு பிடித்தால், பழைய கெர்னல் பேக்கேஜ் ஒன்றை டிபிகேஜி (ஆப்ட்டுக்கு அடியில் இருக்கும் பேக்கேஜ் கருவி) பர்ஜ் கொடுத்து நேரடியாக நீக்குங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை மட்டும் தொடாதீர்கள், அது எது என்று யுநேம் மைனஸ் ஆர் சொல்லும். பூட் பகிர்வுக்குள் போய் ஆர்எம் போட்டுக் கையால் அழிப்பதை நான் ஆதரிப்பதில்லை, ஏனென்றால் டிபிகேஜி கணக்கில் அந்தக் கெர்னல் இன்னும் இருக்கும், குழப்பம் திரும்பத் திரும்ப வரும். இன்னொன்று, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்கும்போது முதலில் டாட் நியூ என்ற பெயரில் தனிக் கோப்பாக எழுதி, பிறகுதான் பழையதன் இடத்தில் வைக்கும். அதனால் ஒரு கோப்புக்கான இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும்.

இடம் கிடைத்ததும் டிபிகேஜி கான்ஃபிகர் மைனஸ் ஏ. அதுவே விட்டதைத் தொடரும். தொடரவில்லை என்றால் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கு மைனஸ் சி மைனஸ் கே கொடுத்து, புதிய கெர்னலின் முழுப் பதிப்பு எண்ணைப் போடுங்கள், பிறகு அப்டேட்-க்ரப்.

பழைய கெர்னலும் வரவில்லை என்றால் லைவ் யுஎஸ்பியில் இருந்து டிஸ்க்கைத் திறந்து சிஎச்ரூட் செய்ய (யுஎஸ்பியில் ஓடியபடியே உங்கள் சிஸ்டத்துக்குள் நுழைய) வேண்டும், பலர் வழுக்கி விழுவது இங்கேதான். கிரிப்ட்செட்டப்பில் திறக்கும்போது மனதுக்குத் தோன்றிய பெயரைக் கொடுக்காதீர்கள். உங்கள் சிஸ்டத்தின் ஈடிசி அடைவில் உள்ள கிரிப்ட்டேப் கோப்பின் முதல் சொல் எதுவோ, அதே பெயரில் திறக்க வேண்டும். பெயர் மாறினால், டிஸ்க்கைத் திறக்கும் அமைப்பே இல்லாத இனிட்ராம்எஃப்எஸ் உருவாகலாம், ஒரு எச்சரிக்கை வரியைத் தவிர எல்லாம் சரியாக முடிந்த மாதிரியே தெரியும். சிஎச்ரூட்டுக்கு முன் பூட் பகிர்வையும் மவுண்ட் செய்யுங்கள், டெவ், பிராக், சிஸ் மூன்றையும் பைண்ட் செய்யுங்கள். உள்ளே யுநேம் காட்டுவது யுஎஸ்பியின் கெர்னல் பதிப்பை, அதை நம்பிக் கட்டளை போட்டால் தவறான கெர்னலுக்குப் போகும்.

இடப் பிரச்சினைக்காக இனிட்ராம்எஃப்எஸ்ஸில் எந்த டிரைவர்களைச் சேர்ப்பது என்று சொல்லும் மாட்யூல்ஸ் அமைப்பை, மோஸ்ட் (பெரும்பாலானவை) என்பதில் இருந்து டெப் (இந்த லேப்டாப்புக்குத் தேவையானவை மட்டும்) என்று மாற்றச் சொல்வார்கள். கோப்பு நன்றாகச் சுருங்கும்தான், ஆனால் நாளைக்கு அதே டிஸ்க்கை வேறு லேப்டாப்பில் மாட்டினால் பூட் ஆகாமல் போகலாம். என்னைக் கேட்டால் பழைய கெர்னல்களை அவ்வப்போது நீக்குவதே நல்லது.

ரீஸ்டார்ட் செய்யும் முன் எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையில் புதிய கோப்பைத் திறந்து, அதில் கிரிப்ட்செட்டப் இருக்கிறதா என்று கிரெப் கட்டளையில் தேடிப் பாருங்கள். இருந்தால் ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம். அதன் பிறகு பேனிக் போய், அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்று ஒரு ஷெல் வந்து நின்றால் அது வேறு சிக்கல்: கோப்பு வந்துவிட்டது, உள்ளிருந்து ரூட்டைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போது பிளாக்ஐடி கட்டளை காட்டும் டிஸ்க் விவரங்களையும் பிராக்கில் உள்ள சிஎம்டிலைன் கோப்பையும் படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கலாம்.