சிட்டி கவுன்சிலின் வரியும் மாநாட்டுச் செலவும்: கலிஃபோர்னியா வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊரில் விற்பனை வரியை அரை சதவீதம் கூட்டும் யோசனையை நவம்பர் தேர்தலில் வாக்கெடுப்புக்கு விடப் போகிறார்களாம். சாலைக்கும் காவல்துறைக்கும் என்கிறார்கள். வேறு எதற்கும் செலவழிக்க மாட்டார்கள் என்று நம்பலாமா?

பதில்: அது பொது வரியா, சிறப்பு வரியா என்று முதலில் பாருங்கள். மக்களே 1996இல் வாக்களித்து நிறைவேற்றிய 218ஆம் முன்மொழிவு இவ்விரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. கவுன்சில் முன்வைக்கும் சிறப்பு வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர் ஆதரவு வேண்டும். அந்தப் பணத்தைச் சொன்ன காரியத்துக்குத்தான் செலவழிக்கலாம். பொது வரிக்குப் பாதிக்கு மேல் ஓர் ஓட்டு கிடைத்தால் போதும். பணம் பொது நிதியில் சேர்ந்துவிடும். அதிலிருந்து சாலையும் போடலாம், கவுன்சிலர்களின் மாநாட்டுப் பயணச் செலவையும் கொடுக்கலாம். கவுன்சில்கள் பெரும்பாலும் பொது வரியை நாடுவதில் வியப்பென்ன?

வாக்குச்சீட்டில் 75 சொற்களுக்குள் ஒரு விவரம் இருக்கும். வரி விகிதம், காலம், ஆண்டு வருவாய் மூன்றும் அதில் கட்டாயம். "சாலை, காவல் போன்ற சேவைகளுக்கு" என்ற பாணியில் எழுதியிருந்தால், அந்தப் 'போன்ற'வில்தான் சூட்சுமம். கூடவே "இந்தப் பணத்தைச் சாலைக்குச் செலவிடலாமா?" என்று தனியே ஆலோசனை வாக்கெடுப்பு நடத்தும் ஊர்களும் உண்டு. அதன் முடிவு கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது.

தடுக்கவோ திருத்தவோ நினைத்தால் தேர்தல் வரை காத்திருக்காதீர்கள். விற்பனை வரியை மக்கள் முன் வைக்கக் கவுன்சிலின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். ஐந்து பேர் கொண்ட கவுன்சிலில் நான்கு பேர். மொத்த எண்ணிக்கைதான் கணக்கு என்பதால், கூட்டத்துக்கு வராதவரும் எதிர்த்து வாக்களித்தவருக்குச் சமம். தீர்மானம் தேர்தலுக்கு 88 நாள் முன்பே மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். 2024 நவம்பர் 5 தேர்தலுக்கு அந்தக் கெடு ஆகஸ்ட் 9. ஆகவே உண்மையான வாக்குவாதம் ஜூன், ஜூலை கூட்டங்களிலேயே முடிந்துவிடும்.

கேள்வி: சான் டியாகோவில் ஹோட்டல் அறைக்கு வரி கூடியிருக்கிறது. மாநாட்டு மையத்துக்காக என்கிறார்கள். மூன்றில் இரண்டு ஓட்டு கிடைக்கவில்லையே, எப்படி வசூலிக்கிறார்கள்?

பதில்: இந்த வரி உயர்வுக்காக 2020 மார்ச்சில் வாக்கெடுப்புக்கு வந்த 'மெஷர் சி' என்ற முன்மொழிவு பெற்றது 65.24 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு என்றால் 66.67. தோற்றது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அது கவுன்சில் கொண்டுவந்தது அல்ல, கையெழுத்து திரட்டி வந்த மக்கள் முன்முயற்சி. அப்படி வரும் சிறப்பு வரிக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று, மாநில உச்ச நீதிமன்றத்தின் 2017 அப்லண்ட் தீர்ப்பை ஒட்டி, கீழ் நீதிமன்றங்கள் சொல்லத் தொடங்கின. அதைப் பிடித்துக்கொண்டு 2021 ஏப்ரலில் கவுன்சில் "நிறைவேறியது" என்று அறிவித்தது. உண்மையிலேயே மக்கள் முயற்சியா, நகர நிர்வாகமே பின்னால் இருந்ததா என்று வழக்கு இழுத்தது. வசூல் தொடங்கியது 2025 மே 1இல்.

முன்பு 10.5 சதவீதம். இப்போது மையத்திலிருந்து ஹோட்டல் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து 11.75, 12.75, 13.75. மையத்துக்கு அருகில் 200 டாலர் அறைக்கு 21 டாலராக இருந்த வரி 27.50 ஆகிவிட்டது. அங்கே நடக்கும் காமிக்-கான் என்ற சித்திரக்கதை ரசிகர் மாநாட்டுக்குப் போகிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! கூடுதல் வருவாயில் பெரும்பங்கு மாநாட்டு மையத்துக்கு. வீடற்றோர் நலனுக்கும் சாலைக்கும் பங்கு உண்டு.

கேள்வி: கவுன்சிலர்கள் எங்கள் வரிப்பணத்தில் மாநாடுகளுக்குப் போகிறார்கள். கணக்கு கேட்க முடியுமா?

பதில்: தாராளமாக. எந்த வகைப் பயணத்துக்குப் பணம் தரலாம் என்ற எழுத்துக் கொள்கையைப் பொதுக் கூட்டத்தில் நிறைவேற்றியிருக்க வேண்டும். தங்கும் செலவு, மாநாட்டு அமைப்பாளர் அறிவித்த குழு விகிதத்தைத் தாண்டக் கூடாது (பதியும்போது அது கிடைத்திருந்தால்). ரசீதோடு செலவுப் படிவம் தர வேண்டும். திரும்பியதும் அடுத்த வழக்கமான கூட்டத்தில் சுருக்கமாக அறிக்கை சொல்ல வேண்டும்.

கோளாறு இந்த அறிக்கையில்தான். "போனேன், பயனாக இருந்தது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். படிவத்தையும் ரசீதுகளையும் பொது ஆவணக் கோரிக்கையாக, நகர ஆவணங்களை வைத்திருக்கும் அதிகாரியான சிட்டி கிளார்க்கிடம் கேளுங்கள். பெயர், மாநாடு, தேதி மூன்றையும் குறிப்பிடுங்கள். "எல்லாப் பயணக் கணக்கும்" என்று எழுதினால் மாதக்கணக்கில் இழுக்கும். தர முடியுமா முடியாதா என்று 10 நாளுக்குள் பதில் வர வேண்டும். சில காரணங்களுக்கு மேலும் 14 நாள் எடுத்துக்கொள்ளலாம்.

பெரும்பான்மை கவுன்சிலர்கள் ஒரே மாநாட்டுக்குப் போவது தவறில்லை. ஆனால் அங்கே தங்களுக்குள் ஊர் விவகாரம் பேசினால் கவுன்சில் கூட்டங்கள் மக்கள் முன் திறந்தே நடக்க வேண்டும் என்னும் 1953ஆம் ஆண்டின் பிரவுன் சட்டத்தை மீறியதாகும்.

கேள்வி: கூட்டத்தில் பேச முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். வழக்கமான கூட்டத்தின் அஜெண்டா 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியாகும். பயணச் செலவு பெரும்பாலும் 'கன்சென்ட் காலண்டர்' பகுதியில், பத்துப் பதினைந்து விஷயங்களோடு ஒரே ஓட்டில் போய்விடும். ஓட்டுக்கு முன் கையைத் தூக்கி அதன் எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். தனியே விவாதிக்க வேண்டுமென்றால், ஒரு கவுன்சிலருக்கு முந்தைய நாளே மின்னஞ்சல் போட்டு அதைப் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள்.