பஸாரஸைக் கொண்டாடலாமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயர்லாந்துத் தலைநகர் டப்ளினிலுள்ள பஸாரஸ் பேருந்து நிலையத்தைக் கொண்டாடி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நானும் அங்கே பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறேன். எனக்கு அது அழுக்கேறிய பெட்டியாகத்தான் தெரிந்தது. அந்த ஊரின் அழகான, பதினெட்டாம் நூற்றாண்டு ஜார்ஜிய பாணி வீதிகளைக் கெடுத்ததே இந்த நவீனக் கட்டடங்கள்தானே? எதற்குக் கொண்டாட வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். ஃபிட்ஸ்வில்லியம் தெருவில் மின்வாரியம் தன் தலைமையகத்துக்காக 1960களில் 16 ஜார்ஜிய வீடுகளை வரிசையாக இடித்தது. அதை நானும் மன்னிக்க மாட்டேன்.

ஆனால் அந்தப் பழியை பஸாரஸ் மேல் போடாதீர்கள். கட்டடக் கலைஞர் மைக்கேல் ஸ்காட் அதை 1940களின் நடுவில் வரைந்தபோது அயர்லாந்து ஏழை நாடு. சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை. ஊருக்குப் பஸ் ஏறுகிற ஜனங்களுக்குப் போர்ட்லாந்து என்ற வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல் பதித்துக் கட்டினார்கள். பக்கத்திலுள்ள, 1791இல் முடிந்த பழைய சுங்க மாளிகையான கஸ்டம் ஹவுஸுக்கும் அதே கல்தான். 1948இல் ஆட்சி மாறியதும் வேலை நின்றது, பேருந்து நிலையமே வேண்டாம் என்றார்கள். இழுபறிக்குப் பிறகு கீழே பஸ், மேலே சமூகநலத் துறை அலுவலகம் என்று முடிவாகி 1953இல் திறந்தார்கள்.

அடுத்த முறை போனால் பயணிகள் கூடத்துக்கு வெளியே நீண்டிருக்கும் கான்கிரீட் கூரையை அண்ணாந்து பாருங்கள். அலை அலையாக வளைந்திருக்கும். அந்த வளைவு வெறும் அலங்காரம் இல்லை. அவ்வளவு மெல்லிய கான்கிரீட்டைத் தட்டையாக வார்த்தால் தொய்ந்துவிடும். நடுவில் மடித்த காகிதம் விறைப்பாக நிற்பதுபோல, வளைத்து வார்த்தால் அதுவே திடமாக நிற்கும், தூண் கொடுக்காமல் வெளியே நீட்டலாம். பொறியாளர் ஓவே அரூப். சிட்னி ஓபரா ஹவுஸின் கூரைக்குப் பின்னாலும் பிற்பாடு அவர் நிறுவனம்தான் இருந்தது. அப்புறம் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் மேல்மாடியைப் பாருங்கள். கூரையின் அடிப்பக்கத்தில் பாட்ரிக் ஸ்காட்டின் வண்ண மொசைக் தெரியும். ஒரு பேருந்து நிலையத்துக்கு ஓர் ஓவியரின் கைவண்ணம்!

அழுக்கு இருக்கிறது, சரி. அது கழுவாதவர்கள் குற்றம், வரைந்தவர் குற்றமில்லை. எனக்கு உண்மையான வருத்தம் வேறு. செய்திப்படம் காட்டுவதற்காக அடித்தளத்தில் ஒரு சின்ன அரங்கைத் திட்டமிட்டார்கள். 1959இல் அது எப்லானா நாடக அரங்காகி முப்பது வருஷத்துக்கு மேல் நடந்தது. அதை 1995இல் மூடிவிட்டார்கள். கட்டடத்தைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, பஸ் ஏற வருகிறவர்கள் நாடகமும் பார்க்க இடம் கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து எழுதுகிறேன்.