அரை டம்ளர் டீ

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 31. பைபோலார், அதாவது மனநிலை அளவுமீறி ஏறியும் இறங்கியும் போகும் மனநோய் என்று 2014-இல் சொன்னார்கள். இரண்டு முறை வார்டில் இருந்திருக்கிறேன். இப்போது நான்கு வருடமாக மாத்திரையும் ஜெராக்ஸ் கடை வேலையுமாக ஓடுகிறது. நான் மருந்து வாங்கப் போகும் தொண்டு நிறுவனத்தில் ‘சக ஆதரவாளர்’ ஆகச் சேருகிறாயா என்று கேட்கிறார்கள். புதிதாக வருகிற நோயாளிகளோடும் அவர்கள் வீட்டாரோடும் பேச வேண்டும். ஆறு வாரப் பயிற்சி, மாதம் ஒரு மதிப்பூதியம். அம்மாவுக்கு இஷ்டமில்லை, தங்கைக்கு வரன் பார்க்கிறோம். எனக்கும் ஒரு நெருடல். ஒரு வேலைக்கு என் நோய்தானா தகுதி?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

பல வருடங்களுக்கு முன் என் ஒன்றுவிட்ட அண்ணனை ஒரு மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் நல்லவர், ஐந்து நிமிடம் பேசினார். நோயின் பெயர், மருந்தின் பெயர், அடுத்து வர வேண்டிய தேதி, அவ்வளவுதான். பக்கத்தில் மாதாந்திர மருந்துக்காக வரிசையில் நின்றிருந்த ஒருவர், முன்பு அதே வார்டில் இருந்தவராம், என்னிடம் கேட்காமலே சொன்னார்: “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா டீயை அரை டம்ளர்தான் ஊத்தணும் தம்பி. மருந்துல கை நடுங்கும். முழுசா ஊத்தினா சிந்தும். சிந்தினா கூச்சப்பட்டு நாலு பேர் இருக்கிற இடத்துக்கே வர மாட்டார்.”

இன்றுவரை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை. உங்கள் நெருடலுக்கு அந்த மனிதரைத்தான் பதிலாகக் காட்டுவேன். அந்த வரிசையில் நாற்பது பேராவது நின்றிருப்பார்கள். நோய் எல்லோருக்கும் இருந்தது. கை நடுக்கத்துக்கும் கூச்சத்துக்கும் தனிமைக்கும் நடுவே ஓடும் கோட்டைக் கவனித்து வைத்திருந்தவர், அதை அந்நியனிடம் நாலு வரியில் சொல்லத் தெரிந்தவர் ஒருவர்தான். ஆறு வாரப் பயிற்சியில் உருப்படியாக ஏதாவது கற்றுத்தருவார்கள் என்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும்: உங்கள் கதையில் எந்தப் பகுதியை, யாரிடம், எவ்வளவு சொல்வது, எப்போது வாயை மூடிக்கொண்டு கேட்பது.

நோயிலிருந்து மீண்டவரையே வேலைக்கு வைக்கும் யோசனையும் புதிதில்லை. பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மனநோயாளிகள் பகுதிக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் ஜான் பாப்திஸ்த் ப்யூசேன். தோல் பதனிடும் தொழிலாளி. கழுத்தில் கட்டிகள் வரும் கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற அங்கே வந்து, குணமாகி, அங்கேயே தங்கிவிட்டவர். குணமடைந்த நோயாளிகளையே வேலைக்கு வைத்தார், அடிக்கக் கூடாது என்றார், 1797-இல் அங்கே சங்கிலிகளைக் கழற்றினார். அங்கே பணியாற்றிய டாக்டர் பினேல் இவரிடம் கற்றதாகத் தானே எழுதியிருக்கிறார். சங்கிலி கழற்றுவதைப் பின்னாளில் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் நடுநாயகமாக நிற்பவர் டாக்டர். ப்யூசேனை எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கிருந்துதான் ‘மதிப்பூதியம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைச் சங்கடப்படுத்திய சொல் அதுதான். நம் ஊரில் மதிப்பு என்ற சொல் முன்னால் வந்தால் பணம் குறைவு என்று அர்த்தம். கிராமங்களில் சுகாதார வேலை பார்க்கும் ஆஷா பணியாளர்களை ஊக்கத்தொகையிலேயே வைத்திருப்பதைப் பார்க்கிறோம். ‘நீயும் பட்டவன்தானே, சேவையாகச் செய்’ என்று உங்களிடமும் சொல்வார்கள். மயங்க வேண்டாம். அமெரிக்காவில் இது ஒரு வேலையாக மாறியது மனம் இளகியதால் மட்டும் நடக்கவில்லை. 1999-இல் ஜார்ஜியா மாநிலம், ஏழைகளுக்கான மெடிக்எய்ட் காப்பீட்டிலிருந்து சான்று பெற்ற சக ஆதரவாளரின் பணிக்குக் கட்டணம் பெற வழி செய்தது. பில்லில் ஒரு வரி ஏறியது. வேலைக்கு ஒரு பெயர் வந்தது. 2007-இல் அந்நாட்டு மத்திய அரசு மற்ற மாநிலங்களுக்கும் எழுதியபோது பயிற்சி, சான்று, மேற்பார்வை மூன்றும் வேண்டும் என்றது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். எச்.ஐ.வி. விஷயத்தில் நாமே இதைச் செய்திருக்கிறோம். தொற்றோடு வாழ்பவர்கள் 1997-இல் சென்னையில் தங்களுக்கென்று தேசிய அளவில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 2004-இல் எச்.ஐ.வி.யைக் கட்டுக்குள் வைக்கும் ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த முதல் சில மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அந்த மையங்களில் தொற்றோடு வாழ்பவர்களையே ஒருங்கிணைப்பாளர்களாக அமர்த்தும் முறை வந்தது. மருந்தை நிறுத்திவிடலாமா என்று நினைப்பவரை, அதே மருந்தைச் சாப்பிடுபவர் எதிரே உட்கார்ந்து பார்ப்பது வேறு. மனநலத்தில் மட்டும் நமக்கு இன்னும் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்ற நக்கல்தான் முதலில் வாயில் வருகிறது.

பலன் உண்டா என்று உங்கள் அம்மா கேட்டால், மிகைப்படுத்தாமல் சொல்லுங்கள். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 11 சோதனைகளைப் பார்த்துவிட்டு, இவர்கள் வேலை மற்ற பணியாளர்களுடையதைவிடப் பெரிதாக மேலும் இல்லை, கீழும் இல்லை என்ற மாதிரிதான் முடித்தது. 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த இங்கிலாந்து ஆய்வு கொஞ்சம் தெம்பு தரும். நெருக்கடிச் சிகிச்சை முடிந்து போனவர்களில், சக ஆதரவாளர் துணையோடு தங்களைக் கவனித்துக்கொண்டவர்கள் ஒரு வருடத்துக்குள் தீவிரச் சிகிச்சைக்குத் திரும்பியது 29 சதவீதம். அது கிடைக்காதவர்களில் 38. அற்புதமில்லை. ஆனால் அந்த ஒன்பது சதவீதத்துக்குள் என் அண்ணன் இருந்திருக்கலாம்.

சேரும் முன் அவர்களிடம் சிலவற்றைக் கேளுங்கள். உங்களைப்போல இன்னொருவரையும் எடுக்கிறார்களா? ஒற்றை ஆளாகப் போனால் டாக்டர்களின் கூட்டத்தில் நீங்கள் நோயாளி, நோயாளிகள் நடுவில் நீங்கள் ஆபீஸ்காரர். இரண்டு பக்கமும் ஒட்டாமல் ஆறு மாதத்தில் டீ வாங்கி வரும் ஆளாகிவிடுவீர்கள். வேலையைக் கலந்துபேச யாரிடம் போவது? அது உங்கள் டாக்டராக இருக்கவே கூடாது. ‘இன்று களைப்பாக இருக்கிறது’ என்று மேலதிகாரியிடம் சொல்வது ஒன்று, மருந்தளவைக் கூட்டக்கூடியவரிடம் சொல்வது இன்னொன்று. முடிந்தால் உங்கள் சிகிச்சையை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்கள் பழைய ஃபைலை உடன் வேலை செய்பவர் புரட்டக் கூடாது. மறுபடி உடம்புக்கு முடியாமல் போனால் எத்தனை நாள் விடுப்பு, திரும்பி வந்தால் அதே வேலை இருக்குமா என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுதி வாங்குங்கள். தொகுப்பூதியம் என்றாலும் பரவாயில்லை, ஜெராக்ஸ் கடைச் சம்பளத்துக்குக் குறைந்தால் வேண்டாம் என்பேன்.

அம்மாவின் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ள மாட்டேன். வரன் வீட்டார் விசாரிக்கும் ஊரில் அவர் வாழ்கிறார், நான் அல்ல. தங்கையிடம் நேரில் கேட்டீர்களா? கடிதத்தில் அவர் பேசவே இல்லை. அவருக்கும் தயக்கம் என்றால், நிறுவனத்தின் விளம்பரத்தில் உங்கள் படமும் பெயரும் வராது என்று நிபந்தனை போடலாம். இந்த வேலைக்கு மேடையேற வேண்டிய அவசியமில்லை, வராந்தா போதும்.

சேர்ந்தால் முதல் மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் எழுதுங்கள். அதில் உங்கள் பதவிக்கு என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.