கட்டுக்கம்பியில் ஸ்பிரிங் வருமா?

கேள்வி: செடிக்கு மருந்து அடிக்கிற கை ஸ்பிரேயரில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் உடைந்துவிட்டது. கடையில் கேட்டால் முழு ஸ்பிரேயரையே வாங்கச் சொல்கிறார்கள். கட்டுக்கம்பியை ஸ்குரூடிரைவர் மேல் சுற்றி நானே ஒன்று செய்தேன், பார்க்க அசல் மாதிரியே இருந்தது, நான்கு தடவை அழுத்தியதும் அப்பளமாகிவிட்டது. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கியும் பார்த்தாயிற்று. எங்கே தப்பு?
– ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: சுற்றியதில் தப்பில்லை, கம்பியில்தான். கட்டுக்கம்பி என்பது கம்பி கட்டுகிறவர் முறுக்கிய இடத்தில் அப்படியே நிற்க வேண்டும் என்பதற்காகவே காய்ச்சி ஆறவைத்து இளக்கிய இரும்பு. அதில் கார்பன் மிகக் குறைவு, அதனால் நீங்கள் எத்தனை முறை தண்ணீரில் முக்கினாலும் டெம்பர், அதாவது ஸ்பிரிங்குக்கு வேண்டிய கடினம், ஏறாது.

ஸ்பிரிங்கை அழுத்தும்போது கம்பிக்கு என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். அது வளைவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் வளைவது கொஞ்சம்தான். கம்பி முறுக்கிக்கொள்கிறது, ஈரத் துணியைப் பிழிவது போல. நம்பிக்கை வரவில்லையென்றால் தரையில் வட்டமாகச் சுருட்டி வைத்த தண்ணீர் ஹோஸின் ஒரு நுனியைப் பிடித்து, சுருளைத் திருப்பாமல் அப்படியே மேலே இழுத்துப் பாருங்கள், சுற்றுக்கு ஒரு முறுக்கு வீதம் ஹோஸில் ஏறி எங்காவது மடங்கிக்கொள்ளும். அதே கதைதான் இங்கேயும்.

கம்பி கொஞ்சம் தடித்தாலும் ஸ்பிரிங் பயங்கரமாக விறைத்துப்போவது இதனால்தான். கம்பியின் தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு 16 மடங்கு. சுருளின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகக் குறையும், சுற்றுகளை இரட்டித்தால் பாதியாகும். ஒரு கணக்கு சொல்கிறேன்: 2 மி.மீ. எஃகுக் கம்பி, சுருளின் நடுவிட்டம் 20 மி.மீ., வேலை செய்யும் சுற்றுகள் 10 என்றால், ஒரு கிலோ வைத்தால் ஏறக்குறைய 5 மி.மீ. இறங்கும், இரண்டு கிலோவுக்கு 10 மி.மீ. (எடை இரட்டித்தால் இறக்கமும் இரட்டிக்கும் என்ற இந்த விதியை ராபர்ட் ஹூக் 1676-ல் 14 எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக அச்சிட்டு, 1678-ல்தான் விடையைச் சொன்னார். வேறு யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாது என்ற பயம்!) தடிமன் கொஞ்சம் மாறினாலும் விறைப்பு இவ்வளவு மாறும் என்பதால், உடைந்த ஸ்பிரிங்கின் கம்பியை வெர்னியரில் அளக்காமல் கண் மதிப்பில் வாங்காதீர்கள்.

இன்னொரு வேடிக்கை, உங்கள் கட்டுக்கம்பி ஸ்பிரிங்கும் அதே அளவு எஃகு ஸ்பிரிங்கும் முதல் கொஞ்ச தூரம் ஏறத்தாழ ஒரே பலத்தில்தான் எதிர்த்துத் தள்ளும். டெம்பர் விறைப்பைக் கூட்டாது, எவ்வளவு தூரம் வரை முறுக்கினால் திரும்பி வரும் என்கிற எல்லையைத்தான் கூட்டும். கட்டுக்கம்பி அந்த எல்லையைச் சீக்கிரமே தாண்டிவிடுகிறது.

சரி, செய்வது எப்படி? ஸ்பிரிங் வயர் என்றே கேட்டு வாங்குங்கள். மருந்து படுகிற இடம், அதனால் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்பிரிங் வயர் நல்லது. அது இழுத்தே கடினமாக்கிய கம்பி, சிவக்கக் காய்ச்ச வேண்டாம், காய்ச்சினால் கெட்டுப்போகும். சுற்றி விட்டதும் கொஞ்சம் விரிந்துகொள்ளும் என்பதால், சுற்றுகிற ராடு உங்களுக்கு வேண்டிய உள்விட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்காவது சின்னதாக இருக்கட்டும். சரியான அளவு ஒன்றிரண்டு சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். ராடின் ஒரு முனையில் கம்பி நுழைய ஓட்டை, மறுமுனையை மடக்கிக் கைப்பிடி, இரண்டு மரக்கட்டைக்கு நடுவே ராடை வைத்து வைஸில் இறுக்கிச் சுற்றினால் கம்பியே மரத்தில் புரி வெட்டிக்கொண்டு போகும். இரண்டு முனையிலும் ஒரு சுற்றை நெருக்கமாக விட்டுத் தட்டையாகத் தேயுங்கள், இல்லையென்றால் ஸ்பிரிங் ஒரு பக்கமாகச் சாயும்.

முடித்ததும் கம்பியை உடனே வெட்டாதீர்கள், கைப்பிடியை மெல்லப் பின்னால் சுற்றி இழுவிசையை இறக்கிவிட்டு வெட்டுங்கள். லேத்தில் சுற்றும்போது இதை மறந்ததால் என் கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கார்பன் எஃகு ஸ்பிரிங் வயரானால் கேக் சுடுகிற ஓவனில் 230 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் சுற்றும்போது தங்கிய அழுத்தம் போய் அளவு நிலைக்கும். எஸ்.எஸ்.ஸுக்கு 350 டிகிரி வேண்டும், வீட்டு ஓவன் எட்டாது. ஸ்பிரேயருக்கு அது இல்லாமலே ஓடும்.

கேள்வி: என் பைக்கின் பின் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது. ஒரு சுற்று வெட்டினால் விறைப்பு கூடும் என்கிறார் மெக்கானிக். வெட்டலாமா?
– ஆத்தூர் வாசகர்

பதில்: அவர் சொல்வதில் பாதி நிஜம். சுற்று குறைந்தால் விறைப்பு கூடத்தான் செய்யும். ஆனால் உங்கள் ஸ்பிரிங்கின் விறைப்பு குறையவே இல்லை, உயரம்தான் குறைந்திருக்கிறது, வெட்டினால் அது இன்னும் குறையும். தட்டையாகத் தேய்த்த முனையும் போய்விடும், வெட்டு முனை ஓரிடத்தில் மட்டும் அழுத்தி அங்கேயே உடையும். கேஸ் கட்டிங் செய்தால் சூட்டில் பக்கத்துச் சுற்றின் டெம்பரும் கெடும். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டித் தருகிறேன் என்பார்கள், அதுவும் சீக்கிரம் பழையபடி உட்கார்ந்துவிடும். புதுசு மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து.

கேள்வி: துணி மாட்டுகிற கிளிப்பில் உள்ள ஸ்பிரிங்கிலும் கம்பி முறுக்கிக்கொள்கிறதா?
– சிவகாசி வாசகி

பதில்: இல்லை. பெயரென்னவோ முறுக்கு ஸ்பிரிங், சுருளையும் முறுக்கத்தான் செய்கிறோம், ஆனால் அதில் கம்பி வளைகிறது. பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.