ஐந்து ஆண்டில் இரட்டிப்பாகுமாம் மனை!

கேள்வி: அடுத்த ஆண்டு ஓய்வு பெறும் ஆசிரியை நான். கைக்கு 20 லட்சம் ரூபாய் வரும். மதுராந்தகம் அருகே 1,200 சதுர அடி மனையை 14 லட்சத்துக்கு வாங்கிப் போட்டால் ஐந்து ஆண்டில் இரட்டிப்பாகும் என்கிறார் தரகர். அரசின் நகரமைப்புத் துறை அங்கீகாரம் இல்லாத மனைதானாம். ஆனால் பழைய பத்திரம் இருப்பதால் பதிவுக்குத் தடையில்லையாம். வாங்கலாமா?

பதில்: முதலீட்டுக்காக என்றால் வேண்டாம் அம்மா.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: 1,26,000 ரூபாய் முதல் நாளே போய்விடும். தரகு, பத்திரம் எழுதும் கூலி எல்லாம் சேர்த்தால் மனையின் அடக்கம் 15.5 லட்சம். இதே பணம் வங்கியில் ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் இருந்தால் ஐந்து ஆண்டில் ஏறக்குறைய 21.7 லட்சம் ஆகும். மனை அந்த விலைக்குப் போனால்தான் வங்கிக்குச் சமம். அவசரச் செலவு வந்தால் மனையில் கால் பங்கை மட்டும் வெட்டி விற்க முடியாது.

இனி அந்தப் பழைய பத்திரம். 2016 அக்டோபர் 20-க்குள் மனையாகவே ஒருமுறை பதிவாகியிருந்தால், அங்கீகாரம் இல்லாவிட்டாலும் அதை மறுபடி விற்றுப் பதியலாம். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவிலேயே இந்த விலக்கு இருக்கிறது. தரகர் இதுவரை பொய் சொல்லவில்லை. ஆனால் பத்திரத்தின் கடைசியில் உள்ள சொத்து விவரத்தைப் படித்துப் பாருங்கள். இதே சர்வே எண்ணும் மனை எண்ணும் அதில் இருக்க வேண்டும். 'புஞ்சை ஏக்கர் 2' என்று இருந்தால் அது நிலப் பத்திரம். உங்கள் மனைக்கு உதவாது. மனை என்றே இருந்தாலும், 2017-இல் வந்த விதிகளின்படி வரன்முறை செய்த ஆணை, அதாவது அங்கீகாரம் இல்லாத மனையை அரசு பின்னர் முறைப்படுத்திக் கொடுத்த ஆணை, இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் கட்டட அனுமதி கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது. நாளை உங்களிடம் வாங்க வருபவரும் கடனை நம்பித்தானே வருவார்? ஓர் அலுவலகம் 9 சதவீதம் வாங்கிக்கொண்டு பதிந்து தருகிறது. இன்னோர் அலுவலகம் அதே மனையில் செங்கல் வைக்காதே என்கிறது. இரண்டும் ஒரே அரசுதான். இதை யாரிடம் போய்ச் சொல்வது!

கையெழுத்துப் போடப்போவது உரிமையாளரா, அவர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை (பவர்) வைத்து அவருக்காக விற்கும் 'பவர் ஏஜென்ட்'டா? ஏஜென்ட் என்றால் உரிமையாளரை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பவர் கொடுத்தவர் இறந்து எட்டு மாதம் கழித்து எழுதிய பத்திரத்தோடு என்னிடம் ஒருவர் வந்தார். சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழில் ஒரு கறையும் இல்லை. எப்படி இருக்கும்? பதிவான ஆவணம் மட்டும்தான் அதில் வரும், சாவு வராது. பணத்தைத் தரகர் வாங்கிப் போய்விட்டார், மனையை வாரிசுகள் மூவர் கேட்கிறார்கள்.

'வழிகாட்டி மதிப்புக்குப் (பதிவுக்காக அரசு நிர்ணயித்த விலை) பதியலாம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள்' என்ற பேச்சும் வரும். சம்மதிக்காதீர்கள். நீங்கள் விற்கும்போது பத்திரத்தில் உள்ள விலைதான் உங்கள் வாங்கிய விலை. ரொக்கமாகக் கொடுத்த பணமும் லாபக் கணக்கில் ஏறி, அதற்கும் 12.5 சதவீத வரி கட்டுவீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மனசு அடங்காவிட்டால், பழைய பத்திர நகலையும் வரன்முறை ஆணையையும் தரகரிடம் கேளுங்கள். வாசலுக்கு வேன் அனுப்பி, மதியச் சாப்பாடும் போட்டு மனையைக் காட்டுகிறவர்கள், இந்த இரண்டு காகிதங்களை மட்டும் 'அட்வான்ஸ் கொடுத்த பிறகு' என்பார்கள். அப்படிச் சொன்னால் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.