பாக்டீரியா நீந்துவதற்காகச் சுழற்றும் வால் போன்ற கசையிழை, ஒரு பாகம் குறைந்தாலும் ஓடாது; அப்படிப்பட்டது பரிணாமத்தில் படிப்படியாக எப்படி வந்திருக்கும்?

அமெரிக்க உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி 1996-இல் பிரபலமாக்கிய வாதம் இது. நல்ல கேள்விதான். ஆனால் பாகம் குறைந்தால் நீந்த முடியாது என்பது வேறு, எதற்குமே உதவாது என்பது வேறு. பிளேக் கிருமியிடம் ஊசி போன்ற ஓர் அமைப்பு உண்டு. நம் செல்லுக்குள் புரதங்களைச் செலுத்துவது. அதன் அடிப்பகுதிப் புரதங்கள் பலவும் கசையிழையின் புரதங்களுக்கு உறவு. பாகங்கள் குறைவு, சுழலாது, ஆனாலும் வேலை செய்கிறது. (கசையிழையிலிருந்துதான் ஊசி வந்தது என்றே இன்று பலர் கருதுகிறார்கள். சரி, பாகங்கள் குறைந்தும் அது பயன்படுகிறது என்பதால், அப்போதும் பீஹியின் வாதம் நிற்காது.)

2005-இல் பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வழக்கில் இதெல்லாம் அலசப்பட்டது. உயிர்களை ஓர் அறிவுள்ள சக்தி வடிவமைத்தது என்ற ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ கருத்து அறிவியல் அல்ல என்று தீர்ப்பு வந்தது. அங்கே பரிணாமத்துக்காகச் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர், கடவுள் நம்பிக்கையுள்ள கத்தோலிக்கர்.