வால்பாறைக்குக் களப்பயணம்: கேள்வி பதில்

வனஉயிர்ப் பாதுகாப்பு படிக்கும் மாணவர்களை வால்பாறைக்குக் கூட்டிப்போவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

முதுகலை மாணவி: புலி, யானை பார்க்க வேறு இடம் இருக்கே, ஏன் வால்பாறை?

புலியை எண்ணி வராதீங்கம்மா. சுற்றிலும் ஆனைமலை, பறம்பிக்குளம் புலிகள் காப்பகங்கள். நடுவில் சுமார் 220 சதுர கிலோமீட்டருக்குத் தேயிலை, காபித் தோட்டங்கள். அவற்றுக்குள் அங்கங்கே மழைக்காட்டுத் துண்டுகள். காடு துண்டானால் என்ன ஆகும் என்று பாடத்தில் படித்ததை இங்கே நடந்தே பார்க்கலாம்.

மாணவர்: காட்டில் அட்டை கடித்தால் என்ன செய்வது அண்ணா?

முட்டிவரை வரும் நெருக்கமான துணியில் அட்டைக் காலுறை தைத்துக்கொள்ளுங்கள். கடித்த இடத்தில் ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட வேண்டாம். சொறியாதீர்கள், அவ்வளவுதான்.

ஆசிரியை: வால்பாறை பக்கத்துப் புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சிங்கவால் குரங்குகள் ரோட்டோரமே வருகின்றன. பழம் கொடுத்தால் மாணவர்கள் கிட்டே பார்க்கலாமே?

தயவுசெய்து வேண்டாம் டீச்சர். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத குரங்கு இது. வெடிப்பலா, காட்டுப்பலா போன்ற காட்டு மரங்களின் பழங்களைத் தின்று மர உச்சியிலேயே வாழவேண்டியது. சாலை குறுக்கே போனதும் கிளைத்தொடர் அறுந்து, தரையில் இறங்குகிறது. வண்டியில் அடிபட்டுச் சாகிறது. அதற்காகத்தான் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் நீட்டும் ஒரு வாழைப்பழம் அதை மறுபடி ரோட்டுக்கே இழுக்கும்.

பதிலாக ஒரு கூட்டத்தைத் தள்ளி நின்று இரண்டு மணி நேரம் கவனிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குரங்கும் தரையிலா, கிளையிலா, என்ன தின்கிறது என்று குறித்தால் போதும். சாலை அதன் வாழ்க்கையை எப்படி மாற்றியது என்று அந்தத் தாளே காட்டிவிடும்.

இன்னொரு மாணவர்: மரம் நட்டால் காடு திரும்பிடுமா சார்?

எந்த மரம் என்று முதலில் கேளுங்கள். தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். வரிசையாக நிற்பதால் அது காடாகிவிடாது. இங்கே நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக உன்னிச்செடி என்ற அயல்நாட்டுப் புதரை அகற்றி, ரோட்டோரம் விழும் விதைகளைப் பொறுக்கி, நாற்று வளர்த்து நடுகிறார்கள். இப்படி மீட்ட காட்டுத் துண்டு ஒன்றையும் மீட்காத துண்டு ஒன்றையும் ஒரே நாளில் காட்டுங்கள்.

ஆசிரியர்: யானை பற்றித் தோட்டத் தொழிலாளர்களிடம் பேசலாமா?

கட்டாயம் பேசணும். யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்புவதும், யானை பக்கத்தில் இருப்பதாக எச்சரிக்கக் கைப்பேசியால் சிவப்பு விளக்கை எரியவிடுவதும் இங்கே நடைமுறை. யானை எந்த வழியாக வரும், இருட்டில் வீடு திரும்புவது எப்படி என்று அங்கே வாழ்பவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் கொழுந்து பறிக்கும் நேரத்தில் நிறுத்தாதீர்கள். பறிக்கும் எடை அவர்கள் கூலியைப் பாதிக்கும். சாயங்காலம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் (வரிசை) வீட்டுப் பக்கம் போய், அனுமதி கேட்டு உட்காருங்கள்.

அதே ஆசிரியர்: எப்போது போகலாம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை கடும் மழை, தவிர்த்துவிடுங்கள். ஜனவரி, பிப்ரவரி நல்லது. காப்பகத்துக்குள் நுழைய வனத்துறை அனுமதியை முன்கூட்டியே எழுதி வாங்கணும். அப்புறம், ஆழியாறிலிருந்து ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் லேசாகச் சாப்பிட்டுக் கிளம்புங்கள்.